கீழ் வீட்டு ஜெபம்

கீழ் வீட்டு சார் என்னைப் பற்றி முதன்முதலில் கடவுளிடம் புகார் சொன்னது, நாங்கள் சேலையூரில் அந்த மாடிக்குக் குடிவந்த இரண்டாவது வாரம். அடுப்பில் குக்கர் இருந்தது. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே அவர்களுடைய ஹால் ஜன்னல். அங்கிருந்து குரல் தெளிவாக மேலே வந்தது.

"மேல் வீட்டுக்குப் புதுசா வந்திருக்கிற பிள்ளைகளுக்காக ஸ்தோத்திரம், ஆண்டவரே. நல்ல பிள்ளைகள். மோட்டாரைப் போட்டுட்டு அணைக்க மறந்துடறாங்க. தொட்டி நிரம்பித் தெரு வரைக்கும் தண்ணி ஓடுது. அவங்களுக்கு நல்ல ஞாபகசக்தியைத் தாரும்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அன்று காலைதான் மாடிப்படியில் அதே மனிதர் என்னைப் பார்த்துச் சிரித்து, தண்ணீரெல்லாம் நன்றாக வருகிறதா என்று கேட்டிருந்தார். நன்றாக வருகிறது சார் என்று நானும் பெருமையாகச் சொல்லியிருந்தேன். மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்காரர் என்றால் படியேறி வந்து சத்தம் போடுவார், அல்லது கரண்ட் பில்லைக் காட்டி முகத்தைத் தூக்குவார் என்றுதான் நான் பழகியிருந்தேன். நேராகக் கடவுளிடம் போகிற வீட்டுக்காரரை அதற்கு முன் பார்த்ததில்லை. அதன் பிறகு மோட்டார் ஓடுகிற நேரமெல்லாம் நான் மொட்டை மாடியிலேயே நின்றேன்.

அது எனக்கென்று செய்த ஏற்பாடு இல்லை என்பது போகப் போகத் தெரிந்தது. அந்த மனிதருக்கு யாரிடமும் எதையும் நேரில் சொல்ல வராது. சாப்பிட்டாச்சா, தண்ணி வருதா, ட்ரெயினில் கூட்டமா என்பதோடு அவருடைய நேர்ப்பேச்சு முடிந்துவிடும். கோபம், வருத்தம், பாராட்டு என்று கொஞ்சம் கனமான சரக்கு எதுவானாலும் சாயங்காலம் வரை உள்ளேயே வைத்திருப்பார். எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். வீட்டில் இருக்கிற எல்லோரும் ஹாலில் பாய் விரித்து உட்கார வேண்டும். ஒரு பாட்டு, வேதத்தில் ஒரு பகுதி. அதற்கப்புறம் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள, சார் ஜெபம் பண்ணுவார். பகல் முழுக்கச் சேர்த்து வைத்ததெல்லாம் ஒவ்வொருவர் பெயராகக் கர்த்தரின் காதுக்குப் போகும். போகிற வழியில் சம்பந்தப்பட்டவர் காதிலும் விழும். அதற்குப் பிறகுதான் சாப்பாடு.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுற்றிலும் காலி மனைகளில் மாடு மேய்ந்த காலத்தில் இடம் வாங்கி, கீழே கட்டி, பிள்ளைகள் படித்து முடித்த பிறகு மேலே கட்டியவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதபாடம் வாசிப்பவர். வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு சட்டை போட்டு நான் பார்த்ததில்லை. குடும்பம், சர்ச், தண்ணீர்த் தொட்டி. இந்த மூன்றைத் தவிர உலகத்தில் அவருக்குப் பெரிதாக அக்கறை ஒன்றும் கிடையாது. சிகரெட், சினிமா, சீட்டாட்டம், அரசியல் என்று ஒரு மனிதன் கெட்டுப்போகக் கிடைக்கிற எந்த வழியிலும் அவர் கால் வைக்கவில்லை. எனக்குச் சில நேரம் அது எரிச்சலாகக்கூட இருக்கும். இவ்வளவு ஒழுங்கான ஆளோடு எப்படிக் குடித்தனம் பண்ணுவது என்று ஆன்ட்டியைப் பார்த்து நினைத்துக்கொள்வேன்.

ஆன்ட்டி என்பது அவருடைய மனைவி. ஆன்ட்டி ஒன்றும் லேசுப்பட்டவர் இல்லை. ஜெபத்துக்கு யாரும் எதிர்ப்பேச்சு பேச முடியாது என்பதால் அவர் பாத்திரத்தால் பதில் சொல்வார். ஒருநாள் சார், "மத்தியானக் குழம்புக்காக ஸ்தோத்திரம். உப்பு கொஞ்சம் கூடிப்போனாலும் ஸ்தோத்திரம்" என்றார். ஆமென் சொல்லி முடித்த கையோடு கீழே சமையலறையில் ஒரு தட்டு விழுந்தது. கை தவறி விழுந்த சத்தம் இல்லை அது. மேலே நான் சிரிப்பை மறைக்கக் குழாயைத் திறந்துவிட்டேன்.

அதே ஆன்ட்டிக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் ஆனது. வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் சார் கடவுளிடம் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "இவ ஆஸ்பத்திரியில இருந்தப்போ பீரோ சாவி எங்கே இருக்குன்னுகூட எனக்குத் தெரியல, ஆண்டவரே. காபி எப்படிப் போடறதுன்னும் தெரியல. இத்தனை வருஷம் நான் குடும்பம் நடத்தறேன்னு உம்மகிட்ட சொல்லிட்டிருந்தேன். அது பொய். மன்னியும்." அன்று பாத்திரச் சத்தம் வரவில்லை. மூக்கைச் சிந்துகிற சத்தம்தான் வந்தது. மறுநாள் காலையில் நான் பார்க்கப் போனபோது சார் ஒன்றும் நடக்காத மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காபி நன்றாக இருந்ததா என்று ஆன்ட்டி கேட்டதற்கு 'ம்' என்றார்.

பெரியவன் என்று அவர் கடவுளிடம் குறிப்பிடுகிற மகன், நாங்கள் குடிவந்தபோதே சோழிங்கநல்லூர் பக்கம் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். கல்யாணமாகிப் பெருங்களத்தூரில் தனி வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சிரித்துச் சிரித்துப் பேசுவான். அவனை அவர் ஒருநாளும் கை ஓங்கி அடித்ததில்லையாம். பத்தாவது படிக்கிறபோது சட்டைப் பையில் தீப்பெட்டி இருந்ததைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு ஜெபத்தில், அந்தத் தீப்பெட்டி எந்த விளக்கை ஏற்றுவதற்கு என்று எனக்குத் தெரியவில்லை ஆண்டவரே, உமக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னாராம். நாலு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன், கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்பதுதான் தாங்க முடியவில்லை என்பான்.

இன்னொன்றும் சொல்வான். சின்ன வயதில் ஜெபத்தின் நடுவே அவன் ஒரு கண்ணை லேசாகத் திறந்து பலகாரத் தட்டைப் பார்ப்பானாம். உடனே அப்பாவின் குரல் வருமாம்: ஆண்டவரே, பெரியவன் ஒரு கண்ணால் முறுக்கைப் பார்க்கிறான், அவனுக்குப் பொறுமையைத் தாரும். அண்ணனுக்கும் தங்கைக்கும் உடம்பு வெடவெடத்துப் போகுமாம். கடவுளே அப்பாவிடம் சொல்லிவிடுகிறார் என்று நம்பினார்களாம். தங்கைக்கு அந்தப் பயம் கல்லூரி போன பிறகும் போகவில்லை. ஜெபம் என்றால் புருவம் சுருங்குகிற அளவுக்குக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாளாம்.

எங்களையும் அவர் விட்டதில்லை. தினமும் கடைசியாக மேல் வீட்டின் முறை வரும். என் கணவருக்கு ஆரம்பத்தில் அது பிடிக்கவில்லை. நம்மை மதம் மாற்றப் பார்க்கிறாரோ என்று முணுமுணுத்தார். அப்படி எதுவும் இல்லை. ஒரு துண்டுக் காகிதம்கூட அவர் எங்களிடம் நீட்டியதில்லை. கார்த்திகைக்கு நான் படிக்கட்டில் வரிசையாக அகல் வைத்தால், தன் ஸ்கூட்டரை எடுத்துத் தெருவில் நிறுத்திவிட்டு வருவார், விளக்கில் இடித்துவிடக் கூடாது என்று.

பிறகு என் கணவர் வேலை பார்த்த மறைமலை நகர்க் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஆறேழு மாதம் வீட்டில் இருந்தார். நான் குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்த சம்பளத்தில் குடித்தனம் ஓடியது. சொந்தக்காரர்கள் எல்லாம் பார்க்கிறபோதெல்லாம் துக்கம் விசாரித்தார்கள். கீழ் வீட்டு சார் மட்டும் தண்ணி வருதா என்றே கேட்டார். ஆனால் தினமும் சாயங்காலம் இவருக்காகக் கடவுளிடம் வாதாடினார். திறமையுள்ள பிள்ளை, கைத்தொழில் தெரிந்தவன், சும்மா உட்கார்ந்திருப்பது அவன் குணம் இல்லை, நீர் தாமதம் பண்ணுவது சரியில்லை என்று உரிமையோடு கேட்பார். கொஞ்ச நாளில் என் வீட்டுக்காரருக்கு எட்டு மணிக்குச் சரியாகத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. சமையலறைக்கு வருவார், ஒரு டம்ளர் தண்ணீர் பிடிப்பார், ஜன்னலோரம் நின்று சொட்டுச் சொட்டாகக் குடிப்பார். ஒரகடத்தில் வேலை கிடைத்த சேதி போனில் வந்ததும் என்னிடம்கூடச் சொல்லாமல் செருப்பில்லாமல் கீழே ஓடினார். சார் கேட்டுவிட்டு, "அப்படியா, சந்தோஷம்" என்றாராம். அவ்வளவுதான். அன்று சாயங்காலம் ஜெபத்தில் எங்கள் முறை வந்தபோது அவருக்குக் குரல் எழும்பவே இல்லை.

எனக்கு அவர் மேல் இருந்த பிரியமெல்லாம் அந்த நாளில் வந்ததுதான். ஆனால் பிரியம் இருக்கிறது என்பதற்காக அந்தக் குணத்தில் இருந்த கோளாறு இல்லை என்று ஆகிவிடாது. அது சின்னவள் விஷயத்தில் தெரிந்தது.

பெரியவனின் தங்கையான சின்னவள் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். தினமும் தாம்பரத்தில் ட்ரெயின் ஏறுவாள். என்னை அக்கா என்று கூப்பிடுவாள். என் கையால் செய்கிற ரசத்துக்கு அடிமை. கூட வேலை பார்த்த மாடம்பாக்கத்துப் பையனை அவள் விரும்பியது எனக்கு முன்கூட்டியே தெரியும். அவன் அப்பா பிரதோஷத்துக்குப் பிரதோஷம் அங்கே இருக்கிற பழைய சிவன் கோயிலே கதி என்று இருப்பவர். அவள் அம்மாவிடம் சொன்னாள். அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா கடவுளிடம் சொன்னார்.

"சின்னவ மனசு எங்கே இருக்குன்னு உமக்குத் தெரியும், ஆண்டவரே. எனக்கும் தெரிய வந்திருக்கு. நாங்க அவளை எப்படி வளர்த்தோம்னு நீர் பார்த்தீர். எல்லாம் உம்முடைய சித்தம்."

அப்போது அந்த வீட்டில் அதுவரை நடக்காத ஒன்று நடந்தது. ஜெபத்தின் நடுவே சின்னவளின் குரல் கேட்டது.

"அப்பா, இதை என்கிட்ட சொல்லுங்க. வேணும்னா வேணும்னு சொல்லுங்க, வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. எல்லாத்தையும் அவர்கிட்ட சொல்லிட்டு நீங்களே ஆமென்னும் சொல்லிடறீங்க. நான் எந்த இடத்துலப்பா பதில் சொல்றது?"

மேலே நான் அடுப்பை அணைத்துவிட்டேன். அதற்கப்புறம் சார், மேல் வீட்டை விட்டுவிட்டு, "ஆமென்" என்றார். பிற்பாடு அவளிடம் கேட்டேன், அப்போது அப்பா முகம் எப்படி இருந்தது என்று. பார்க்கவில்லை, அவ்வளவு கோபத்திலும் கண்ணை மூடிக்கொண்டுதான் பேசினேன், திறந்தால் ஆண்டவர் கோபித்துக்கொள்வார் என்று பயம் என்றாள். எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. மாதக்கணக்கில் சாப்பிட்டாச்சா, ட்ரெயினில் கூட்டமா என்றே ஓட்டினார். கடைசியில் அவர்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஆன்ட்டி போனார், பெரியவன் போனான், நாங்கள் போனோம். சார் வரவில்லை. நாங்கள் திரும்பி வந்து பார்த்தால், எழுபது வயதுக்கு மேல் ஆன மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழ்த்தொட்டிக்குள் இறங்கிச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதைக் கழுவி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஆன்ட்டி அவரைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று ஜெபத்தில் சின்னவள் முறை வந்தபோது, "சின்னவளையும்" என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். பிறகு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். ஆமென் ஆனதும் கீழே ஒரு பாத்திரம் இல்லை, ஒரு அடுக்கே விழுந்தது.

உறவு முறியவில்லை. அப்படி முறித்துக்கொள்கிற ஆளும் இல்லை அவர். கிறிஸ்துமஸுக்கு இருவரும் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு நாற்காலி போட்டார். கேக் எடுத்துக்கொள்ளச் சொன்னார். மாடம்பாக்கத்தில் தண்ணீர் எப்படி என்று விசாரித்தார். போகும்போது சின்னவள் மேலே வந்து என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள்.

"எல்லாம் பேசறாருக்கா. அதை மட்டும் பேச மாட்டேங்கறார். நான் பண்ணது தப்புன்னு நினைக்கிறாரா, அதுகூடத் தெரியல. ஏன் வரலன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். திட்டினாக்கூடப் போதும்."

அதன் பிறகு சாயங்காலமானால் எனக்கு அவளிடமிருந்து போன் வரும். இன்றைக்கு அப்பா என்ன சொன்னார் என்று கேட்பாள். நான் என்ன உங்கள் வீட்டு ரேடியோவா என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். ஆனாலும் சொன்னேன். மனசுக்குள் உறுத்தல் இருந்தது. காதில் விழுவது வேறு, அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது வேறு இல்லையா? ஆன்ட்டியிடமே கேட்டுவிட்டேன். அவர் கீரை ஆய்ந்தபடியே, கடவுளிடம் சத்தமாகச் சொன்னது எல்லோருக்கும் சொன்னதுதான், நீ சொல்லு என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் சர்ச்சில் வேதபாடம் வாசிப்பதை விட்டுவிட்டார் என்ற விஷயமே எனக்கு ஜெபத்தில்தான் தெரிந்தது. யாரும் அவரை விலகச் சொல்லவில்லை. யாராவது ஏதாவது கேட்பதற்குள் நானே விலகிக்கொண்டேன் ஆண்டவரே, என் பிள்ளையைப் பற்றி ஒரு பேச்சு வரக் கூடாது என்று சொன்னார். முப்பது வருஷத்துக்கு மேல் அவர் செய்த ஊழியம் அது. போனில் அதைக் கேட்டதும் சின்னவள், இதையாவது என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றாள்.

கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தேன். கீழேயிருந்து வருகிற குரல் முன்பைவிடச் சத்தமாகக் கேட்டது. ஒருநாள் ஏதோ கேட்கக் கீழே போனபோது பார்த்தேன், ஹாலின் நடுவில் விரிக்கிற பாய் ஜன்னலுக்கு அடியில் விரித்திருந்தது. அன்றைய ஜெபத்தில், "சின்னவளுக்குக் குளிர்ந்த தண்ணி ஆகாது, ஆண்டவரே. இந்த மாதிரி நேரத்துல ஃப்ரிட்ஜ் தண்ணி குடிச்சா சளி பிடிக்கும். யாராவது எடுத்துச் சொன்னா நல்லது" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அவள் அப்போது முதல் பிள்ளைக்கு உண்டாகியிருந்தாள். மறுநாள் மாடிப்படியில் எதிர்ப்பட்டபோது, "சொல்லிட்டேன் சார்" என்றேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "தண்ணி வருதாம்மா?" என்றார்.

இப்படியே வருஷங்கள் ஓடின. பேரன் பிறந்தான், பள்ளிக்கூடம் போனான். அவன் பெயர் ஜெபத்தில் சேர்ந்தது, மாப்பிள்ளை பெயரும் சேர்ந்தது. அந்த ஒரு விஷயம் மட்டும் சொல்லப்படாமலே கிடந்தது. எனக்கு ஆற்றாமையாக இருக்கும். இந்த மனிதருக்கு என்னதான் கேடு, பெற்ற பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசினால் வாய் தேய்ந்தா போய்விடும் என்று என் வீட்டுக்காரரிடம் பொருமுவேன்.

எண்பதைத் தாண்டிய பிறகு அவருக்கு இதயம் தளர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஹாலிலேயே கட்டில் போட்டார்கள். சின்னவள் லீவு போட்டுவிட்டு வந்து தங்கினாள். பெரியவன் தினமும் வேலை முடிந்து நேராக வந்தான். எட்டு மணி ஜெபம் மட்டும் நிற்கவில்லை. ஆனால் குரல் மெலிந்துவிட்டதால் மேலே எனக்குக் கேட்கவில்லை. குக்கரை அணைத்துப் பார்த்தேன், மின்விசிறியை நிறுத்திப் பார்த்தேன். வெறும் இரைச்சல்தான் வந்தது. அத்தனை வருஷப் பழக்கம் நின்றுபோனதில் எனக்குச் சமையலே ஓடவில்லை.

ஒருநாள் ரசத்தை எடுத்துக்கொண்டு அந்த நேரத்துக்கே கீழே போனேன். கதவு திறந்திருந்தது. ஜெபம் ஆரம்பித்துவிட்டிருந்தது. உள்ளே போகவும் மனமில்லை, திரும்பவும் மனமில்லை. சூடான பாத்திரத்தைத் துணியோடு பிடித்தபடி வாசற்படியில் நின்றேன். கையில் ரசம் இருந்ததால் கும்பிடவும் தோன்றவில்லை, கண்ணை மூடவும் தோன்றவில்லை. இத்தனை காலம் காதால் மட்டும் கேட்டதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

ஆன்ட்டி கட்டிலோரம், பிள்ளைகள் இருவரும் பாயில். மூன்று பேரும் கண்ணை மூடியிருந்தார்கள். சார் மூடவில்லை.

தலையணையில் சாய்ந்தபடி, யாருடைய பெயரைச் சொல்கிறாரோ அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவனைச் சொல்லும்போது பெரியவன் முகத்தை, ஆன்ட்டியைச் சொல்லும்போது ஆன்ட்டி முகத்தை. சின்னவள் முறை வந்ததும் கழுத்தை மெல்லத் திருப்பி, இறுக்கி மூடிய அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நேரில் ஒரு வார்த்தை பேசத் தெரியாதவர் என்று நான் வைத மனிதரின் பார்வையா அது? முறுக்குத் தட்டின் ரகசியமும் அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு நாளும் அவர் அவர்களிடம்தான் பேசியிருக்கிறார். அவர்கள் கண் மூடியிருந்தால்தான் அவருக்குப் பேச வந்திருக்கிறது.

கடைசியில் என்னையும் பார்த்தார். மேல் வீட்டுக்காக ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே வாசலைப் பார்த்தவர், நான் கண் திறந்து நிற்பதைக் கண்டு ஒரு நொடி தடுமாறினார். பிறகு ஆமென் சொல்லிவிட்டார்.

சமையலறையில் ரசத்தைக் கொடுக்கும்போது சார் கண்ணை மூடாததை ஆன்ட்டியிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும். கல்யாணமான புதுசுலயே பாத்துட்டேன். பாக்கட்டும்னு நான் மூடிக்கிட்டேன்."

"பசங்களுக்கு ஏன் ஆன்ட்டி சொல்லல?"

"சொன்னா திறந்துடுவாங்க. அப்புறம் அந்த மனுஷன் எங்கே போய்ப் பேசுவார்?"

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஹாலில் அவர் மூச்சு இழுக்கிற சத்தம் சமையலறை வரை கேட்டது. இன்னும் எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை, அந்தச் சத்தமே கேட்டது. ஆன்ட்டி ரசத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றினார். என் பாத்திரத்தைக் கழுவினார். துடைத்துக் கையில் கொடுக்கும்போது, "சின்னவகிட்ட வேணா சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாதே" என்றார்.

படியேறுவதற்கு முன் அவளை வாசலுக்குக் கூப்பிட்டேன். முழுக் கதையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்கு உன் பெயர் வரும்போது கண்ணை மூடாதே என்று மட்டும் சொன்னேன். ஏன் என்றாள். மூடாதே, அவ்வளவுதான் என்றேன். ராத்திரி முழுக்க எனக்குப் பயமாக இருந்தது. அந்த மனிதர் பேசுகிற ஒரே இடத்தையும் நான் கெடுத்துவிட்டேனோ என்று.

மறுநாள் ரசம் ஒரு சாக்கு. அதே வாசற்படி. பாட்டு முடிந்தது, வேதம் வாசித்தது பெரியவன். சார் ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் நடுவே மூச்சு வாங்கினார். ஆன்ட்டியைச் சொன்னார், பெரியவனைச் சொன்னார், பேரப்பிள்ளைகளைச் சொன்னார்.

"சின்னவளுக்காக, ஆண்டவரே" என்று அவள் பக்கம் திரும்பினார்.

அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பேச்சை நிறுத்திவிட்டார். பார்வையை விலக்கப் போகிறார், ஆமென் சொல்லி முடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். வாய் அந்தச் சொல்லுக்குக் குவிந்ததுகூடத் தெரிந்தது. சொல்லவில்லை. இருவரும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவனும் ஆன்ட்டியும் கண்ணை மூடியபடியே இருந்தார்கள்.

"பயந்துட்டேம்மா" என்றார் அவர். ஆண்டவரிடம் இல்லை, அவளிடம்.

மூச்சு வாங்கிவிட்டு அவரே தொடர்ந்தார்.

"சபைக்குப் பயப்படல. உன்கிட்ட நேரா உட்கார்ந்து பேசினா நான் சரின்னு சொல்லிடுவேன். அதுக்குத்தான் பயந்தேன்."

சின்னவள் முழங்காலால் நகர்ந்து கட்டிலருகே போனாள். அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சொல்லியிருந்தா என்னப்பா ஆயிருக்கும்?"

அவர் யோசித்தார். மூச்சு இரைத்தது. அந்தக் கேள்விக்கு இத்தனை வருஷத்தில் முதல்முறையாகப் பதில் தேடுகிறவர் போல அவள் முகத்திலேயே தேடினார்.

"ஒண்ணும் ஆயிருக்காது" என்றார்.

ரசம் என் கையைச் சுட்டது. ஜெபம் முடியாமல் அப்படியே கிடந்தது, முடிக்க வேண்டியவர் முடிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஆன்ட்டிதான், கண்ணைத் திறக்காமலே, "ஆமென்" என்றார்.